முப்பத்தேழாம் பெட்டியில் தோசைக்கல்

ஆம்பூரில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், பிறந்த வீட்டை விட்டு நகராமலே நான்கு மாவட்டங்களில் வாழ்ந்திருப்பார். பிறந்தபோது வட ஆற்காடு. 1989இல் அதைப் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள். தொண்ணூறுகளின் பின்பாதியில் அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டம். கட்டில் போட்ட இடத்தில் கிடக்க, முகவரி மட்டும் ஊர் ஊராகக் குடிபோயிருக்கிறது.

கட்டிலோடு சேர்ந்து குடிபோகிறவர்கள் பாடு வேறு. பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூருக்கு, வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு, குடியாத்தத்திலிருந்து வேலூர் சத்துவாச்சாரிக்கு என்று இந்தத் தோல் தொழில் பட்டையில் வருடம் முழுக்க வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனி மாறினால் வீடு மாறும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறினால் வீடு மாறும். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் மாடி வீட்டுக்காரர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்டி கட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஊர்கள் இவை. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் காலணி ஆலைகளின் பேக்கிங் பிரிவில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கிறார்கள். ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போகும் ஷூ, கடலில் வாரக்கணக்கில் மிதந்து, ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர வேண்டும். அதற்கான ஒழுங்கு அவர்கள் கைக்கு அத்துபடி. அதே கைகள் சொந்த வீட்டைக் காலி செய்யும்போது பாத்திரத்தைப் புடவையில் முடிந்து, செருப்பையும் சாமி படத்தையும் ஒரே சாக்கில் போட்டு, புது வீட்டில் நாலு நாள் தோசைக்கல்லைத் தேடுகின்றன.

ஆலையில் ஒரு பெட்டி வெளியே போவதற்கு முன்னால் நடப்பதைப் பார்த்தால் போதும். ஷூவின் முனைக்குள் மெல்லிய தாளைச் சுருட்டித் திணிப்பார்கள், வடிவம் நசுங்காமல் இருக்க. ஜோடிக்கு நடுவே ஒரு தாள், ஒன்றோடொன்று உரசாமல் இருக்க. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அந்த ஜோடிப் பெட்டிகளை அடுக்கி ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதன் பக்கவாட்டில் மாடல் எண், நிறம், அளவு, எத்தனை ஜோடி, மொத்தத்தில் இது எத்தனையாவது பெட்டி. அதே விவரம் தனியாக ஒரு பட்டியலிலும் இருக்கும். அதற்குப் பேக்கிங் லிஸ்ட் என்று பெயர். நாற்பது பெட்டியில் ஒன்று குறைந்தால் எது குறைகிறது, அதில் என்ன இருந்தது என்று பட்டியலைப் பார்த்தவுடன் தெரியும்.

வீட்டுக்கும் இதுவேதான். பெட்டியின் மேல்மூடியில் எழுதுவதை விடப் பக்கவாட்டில் எழுதுவது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு மேல்மூடி கண்ணில் படாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பக்கமாக எழுதினால் சுவர் பக்கம் திரும்பியிருந்தாலும் ஒன்று தெரியும். ‘சமையல்’ என்று மட்டும் எழுதினால் ஏழு பெட்டி சமையலாக இருக்கும். எண் போட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் ‘37: தோசைக்கல், இடியாப்ப அச்சு, சிறிய குக்கர்’ என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. நோட்டு வீட்டம்மாவின் கைப்பையில் இருக்க வேண்டும். நோட்டையே பெட்டிக்குள் வைத்துக் கட்டிய வீடுகளும் உண்டு.

அட்டைப்பெட்டிக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. பழைய பேப்பர் கடைகளில் கெட்டியான பெட்டிகள் எடைக்குக் கிடைக்கும். காலி ஷூ பெட்டிகள் வீட்டிலேயே இருக்கும். கண்ணாடி வளையல், மருந்து, சார்ஜர், திருகாணி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெட்டி கிடையாது. புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் தூக்குகிறவர் இடுப்பு போகும், பெட்டியின் அடியும் போகும். கனமான சாமான் சின்னப் பெட்டிக்கு, லேசான சாமான் பெரிய பெட்டிக்கு.

தோல் பொருளைக் கட்டுவது எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக முடிந்த தோல் பையும் ஷூவும் மழைக்காலத்தில் பூசணம் பூத்து வெளியே வருவதை இங்கேயே பார்க்கலாம். தோலுக்குக் காற்று வேண்டும். செய்தித்தாளோ பருத்தித் துணியோ போதும்.

பெட்டி விஷயம் இப்படி எளிது. தண்ணீர் விஷயம்தான் இந்தப் பட்டையில் வீடு மாறுகிறவர்களின் உண்மையான தலைவலி, அதற்குக் காரணமும் அதே தோல்தான்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டு வைப்பார்கள். தொட்டியில் ஊறும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறும். பல பத்தாண்டுகளாக அது பாலாற்றுப் படுகையில் இறங்கி, கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் உவர்ப்பாக்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. ஆனாலும் மண்ணுக்குள் போன உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் ஜன்னலையும் அலமாரியையும் பார்ப்பதற்கு முன் குழாயைப் பார்க்கிறார்கள். குழாய் முனையில், குளியலறை ஓட்டில், வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: “அக்கா, இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?” கடினநீரில் பருப்பு மசியாது, சோப்பு நுரைக்காது. இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் பாதி ஆய்வறிக்கை இருக்கிறது. எண் வேண்டும் என்பவர்கள் சட்டைப்பையில் அடங்கும் டிடிஎஸ் மீட்டரை வாங்கிக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை போகலாம். மீட்டர் உப்பின் அளவை மட்டும்தான் காட்டும், தண்ணீரில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதே சரி.

இந்த ஊர்களுக்கு இப்போது மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. வருகிறது என்பதற்கும் இந்தத் தெருவுக்கு வருகிறது என்பதற்கும் நடுவே கொஞ்சம் தூரம் உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, சம்ப் தனியா பொதுவா, மேலே உள்ள சின்டெக்ஸ் கடைசியாக எப்போது கழுவியது என்பதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை. குடிபோகும் நாளுக்கு முந்தின நாளே தொட்டியைக் கழுவி நிரப்பி, இரண்டு இருபது லிட்டர் கேனும் வாங்கி வைத்துவிட்டால் அன்றைக்குப் பாதிச் சண்டை குறையும். சாமான் இறங்கிய பிறகு குழாயைத் திறந்து “தண்ணி வரலையே” என்று கத்துவது இந்தப் பக்கத்துக் குடிபோகலின் நிரந்தரக் காட்சி.

தண்ணீர் இல்லாததைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, தண்ணீர் வந்ததையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் நிரம்பி ஓடியது. மோர்தானா அணை நிரம்பி வழிய, குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறு கரையோர வீடுகளை அரித்துக்கொண்டு போனது. வறண்ட ஆற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆற்றோர மனை காற்றோட்டமான இடமாகத் தெரியும். தெருமுனை டீக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே “அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்தது?” என்று கேட்டால் கையை நீட்டிச் சுவரில் அளவு காட்டுவார்கள். வீட்டுத் தரகர் காட்ட மாட்டார்.

வாசனை இன்னொன்று. தோல் பதனிடும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது முக்கியம். மத்தியானம் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். இன்னொரு முறை சாயங்காலமோ அதிகாலையோ போய் நின்று பார்த்துவிட்டு முடிவு செய்தவர்கள் ஏமாறுவதில்லை. வருடக்கணக்கில் தொழிலில் இருப்பவர்களுக்கு மூக்கு பழகியிருக்கும். புதிதாக வரும் மருமகளுக்குப் பழகியிருக்காது.

இனி காகிதம். வாடகை வீட்டுக்கு 2017ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகச் சொல்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழித்ததுபோக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நடைமுறையில் அட்வான்ஸ் அதற்கு மேலேயும் போகும், பலர் பதிவுப் பக்கமே போவதில்லை. போனால் பின்னால் பேசுவதற்கு ஒரு பிடி இருக்கும்.

வாடகையைவிட இந்த வட்டாரத்தில் அதிகக் கவனம் கேட்பது போக்கியம். ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது தொகை முழுக்கத் திரும்பி வரும். கேட்க இனிக்கும். நடுத்தரக் குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும், சில வீடுகளில் நகை அடகுப் பணமும், பதியாத பத்திரத்தாள் ஒன்றை நம்பிக் கைமாறுகிறது. அந்த வீட்டின்மேல் வங்கிக் கடன் இருந்தாலோ, வீட்டுக்காரர் நடுவிலே விற்றுவிட்டாலோ, பதியாத தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம், கால் மணி நேர வேலை. போக்கியத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே செய்ய வேண்டும். “தெரிஞ்ச மனுஷர்தானே” என்ற பேச்சு பணம் திரும்பி வரும் நாள் வரைக்கும்தான்.

சாவி வாங்கும் அன்றே மின்மீட்டரில் ஓடும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்வது, சுவர் விரிசலையும் உடைந்த கதவுத் தாழையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பி வைப்பது, இரண்டும் பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் மூன்று வீட்டுக்குத் துணை மீட்டர் வைத்திருந்தால் அந்த நூறு யார் கணக்கில் போகிறது என்று முதலிலேயே பேசிவிடுவது மரியாதை.

நாள் குறிப்பது அடுத்த கதை. ஆடி, புரட்டாசி, மார்கழியில் இந்து வீடுகளில் பால் காய்ச்ச மாட்டார்கள். மே மாதம் பள்ளி விடுமுறை என்பதால் எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்புவார்கள். வண்டி கிடைக்காது, கிடைத்தால் வாடகை ஏறியிருக்கும். நாள் நட்சத்திரம் பார்க்காத குடும்பத்துக்கு ஆடி மாதம் பொற்காலம்: வண்டி உண்டு, ஆள் உண்டு, பேரம் பேசலாம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரத்தில் சுமை தூக்கும் பாய்மார்கள் பலர். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா தொழுகை நேரத்துக்கு முன்னால் இறக்கி முடிப்பதுபோலவோ, தொழுகை முடிந்து தொடங்குவதுபோலவோ பேசிக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் பட்டப்பகலில் ஒருவரைப் பீரோ தூக்கச் சொல்வது பாவம். சஹர் முடிந்த கையோடு விடியலில் வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது.

விடியல் எல்லோருக்குமே நல்லதுதான். வெயிலூர் என்ற பட்டப்பெயரை வேலூர் சும்மா வாங்கவில்லை. மே மாதத்தில் 43 டிகிரி செல்சியஸ் தொடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல, சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் ராத்திரியும் சூட்டைக் கக்கும். காலை ஐந்துக்கு ஏற்றத் தொடங்கி ஒன்பதுக்குள் இறக்கினால் ஆட்களின் கையும் வாயும் அமைதியாக இருக்கும். பதினோரு மணிக்குத் தொடங்கினால் கண்ணாடி உடையும், உறவும் உடையும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால், குடிபோவதற்கு முந்தின வாரம் மாடித்தளத்தில் வெள்ளையடிக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது ஒரு ஏர்கூலர் வாங்குவதற்குச் சமம். இன்சுலின் போன்ற மருந்துகளை வண்டியில் ஏற்றவே கூடாது. ஐஸில் நேராகப் படாமல், உறையாமல், குளிர்ச்சியான பையில் வைத்துக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வண்டி என்றால் இங்கே குட்டியானைதான். டாடா ஏஸ் 2005இல் வந்தபோது கம்பெனி வைத்த பெயர் அதற்கு ஒட்டவில்லை. வடக்கே சோட்டா ஹாத்தி, தமிழில் குட்டியானை. ஆரம்ப மாடல் முக்கால் டன் ஏற்றும். ஒற்றைப் படுக்கையறை வீடு என்றால் பெரும்பாலும் இரண்டு நடை. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர், நடுவே பள்ளிகொண்டா சுங்கச்சாவடி. இரண்டு நடை அடிப்பதைவிடப் பெரிய வண்டி ஒன்று மலிவாக முடியும். சுங்கம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் தனியா என்று வண்டி வருவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். சாமானை ஏற்றிய பிறகு பேரம் பேசும் உரிமை ஓட்டுநர் பக்கம் போய்விடும்.

ஆம்பூருக்குள்ளேயே மாறுகிறவர்களுக்கு வேறொரு இடைஞ்சல். ஊரை ரயில் பாதை வெட்டிக்கொண்டு போகிறது. ரெட்டித்தோப்பு, பெத்லகேம் பக்கம் போக வேண்டுமானால் தண்டவாளத்துக்குக் கீழே தாழ்வான பாலத்தில் நுழைய வேண்டும். மழை பெய்தால் அங்கே தண்ணீர் நிற்கும். பீரோவை நிற்க வைத்து ஏற்றிவிட்டுப் பாலத்துக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சொறிவதைவிட, முந்தின நாள் ஸ்கூட்டரில் ஒரு முறை அந்த வழியே போய் வரலாம்.

ஃபிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும், இறக்கியவுடன் சுவிட்ச் போடக் கூடாது. கம்ப்ரஸரின் எண்ணெய் திரும்பித் தன் இடத்துக்கு வரச் சில மணி நேரமாவது ஆகும். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்த்தால் அமிலம் கொட்டும், அதுவும் அடியில் இருக்கும் பட்டுப்புடவைப் பெட்டியின் மேல்தான் கொட்டும். கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் எந்த ஒயர் எதில் சொருகியிருந்தது என்று கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ. பத்திரம், நகை, சான்றிதழ், பாஸ்போர்ட் இவை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது, மடியில்தான்.

புது வீட்டில் முதல் ராத்திரிக்கு என்ன தேவை என்பதை வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கற்கலாம். வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வரும் குடும்பங்கள், சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறைகளை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் எடுத்துத் தங்குகின்றன. காந்தி ரோட்டுப் பக்கம் கடைப் பலகைகளில் வங்காள எழுத்து சாதாரணம். ஒரு குக்கர், ஒரு கரண்டி, நாலு தட்டு, ஒரு கொசுவலை, மருந்துப் பை, ஃபைல். அவ்வளவோடு ஒரு குடும்பம் ஒரு மணி நேரத்தில் குடியேறிவிடுகிறது. நாற்பது பெட்டியோடு வருகிறவர்களும் அதேபோல ஒரு பையைத் தனியாகக் கட்டிவிட்டால் போதும்: போர்வை, மாற்று உடுப்பு, துண்டு, சோப்பு, சார்ஜர், பல்பு ஒன்று, கத்தி, கத்தரிக்கோல், தீப்பெட்டி, குழந்தைக்குப் பால்பவுடர். மற்ற பெட்டிகள் மூன்று நாள் மூடியே கிடந்தாலும் யாரும் சாக மாட்டார்கள்.

உப்பு, மஞ்சள், நிறைகுடம், சாமி படம் என்று முதலில் உள்ளே போகும் சாமான்களுக்கு ஒரு வரிசை உண்டு. முஸ்லிம் வீடுகளில் பிஸ்மில்லா சொல்லி உள்ளே வந்து, குர்ஆன் ஓதி, துஆ கேட்பார்கள். எப்படியானாலும் பால் காய்ச்சி எதிர்வீட்டுக்கு ஒரு தம்ளர் கொடுத்து அனுப்பும் பழக்கம் பல தெருக்களில் பொதுவாகிவிட்டது. அந்தத் தம்ளர் திரும்பி வரும்போதுதான் தண்ணீர் விடும் ஆள் யார், குப்பை வண்டி எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் கடன் கொடுப்பார்கள் என்ற செய்தியெல்லாம் கூடவே வருகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்றவைக்க நினைப்பது வீண் வீராப்பு. ஆம்பூரில் அதற்குக் கவலையே இல்லை. சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும் பத்து பேருக்குச் சொல்லி வைத்தால், தூக்கிய ஆட்களும் வந்த சொந்தமும் பெட்டிகளையே மேசையாக்கிச் சாப்பிட்டு முடிப்பார்கள். சைவக்காரர் வீடு என்றால் இருக்கவே இருக்கிறது தயிர்சாதம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இந்தப் பக்கத்துச் சரக்குதான், ஆனால் அதை வதக்குவதற்கு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

முகவரி மாற்றும் வேலையைப் பலரும் ஒரு வருடம் தள்ளிப்போடுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் ரேஷன் அரிசியை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளும் வசதி 2020 அக்டோபரிலிருந்து இருப்பதால் அதில் அவசரம் குறைந்துவிட்டது. ஆதார், கேஸ், வங்கி இவை ஒரு மாதத்துக்குள் முடிய வேண்டியவை. வாக்காளர் பட்டியலில் இடம் மாற்றுவதற்குப் படிவம் 8. ஆம்பூர்க்காரர்கள் படிவத்தில் மாவட்டம் என்ற கட்டத்தில் பழைய பழக்கத்தில் வேலூர் என்று எழுதிவிட்டுத் திருப்பத்தூர் என்று அடிப்பது இன்னமும் நடக்கிறது.

காலியான பெட்டிகளை உடனே பேப்பர் கடைக்குப் போடாமல், டிவி பெட்டியையும் மிக்ஸி பெட்டியையும் மட்டும் பரண்மேல் ஏற்றிவிட்டு மற்றதைத் தட்டையாக மடித்து வைக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அடுத்த தெருவிலிருந்து யாராவது வந்து, “அக்கா, பொட்டி இருக்குதா? ஞாயித்துக்கெழம வீடு மாத்துறோம்” என்று கேட்பார்கள். பக்கவாட்டில் 37 என்று எழுதியிருக்கும். அதை அடித்துவிட்டு வேறு எண் போட்டுக்கொள்வார்கள்.